இரண்டு ஊர் நத்தை



1962-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சு குடியுரிமையை விடாத குடும்பங்கள் நம்ம ஊரில் பல உண்டு. என் பெரியப்பா வீடும் அதில் ஒன்று. அவர் பிள்ளைகள் பாரீஸில் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை போய்வந்தேன்.

அண்ணன் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். ஆறு குழியுள்ள தட்டில் ஆறு நத்தை வந்தது. ஓட்டுக்குள் வெண்ணெயும் பூண்டும். ஓட்டைப் பிடிக்க ஒரு இடுக்கி, கறியை இழுக்க இரண்டு பல் உள்ள சின்ன முள்கரண்டி. "எஸ்கார்கோ, விசேஷச் சாப்பாடுடா, தின்னு பாரு" என்றார். ஜெபித்துவிட்டு வாயில் போட்டேன். நல்லாத்தான் இருந்தது. ஊருக்கு வந்து எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. நாலு வருஷத்துக்கு முன்னால் திருநள்ளாறு பக்கம், வயல் கூலி வேலைக்குப் போகிற ஒரு விசுவாசி வீட்டில் ஜெபம். மழைக்காலம். அந்தச் சகோதரி வயலில் பொறுக்கிய நத்தையை வேகவைத்து, ஊசியால் கறியை எடுத்து, மஞ்சள் போட்டு அலசி, மிளகு அரைத்துக் குழம்பு வைத்திருந்தார். "சாப்பிடுங்க பிரதர்."

"இன்னைக்கு உபவாசம் சிஸ்டர்" என்றேன். பொய். திரும்புகிற வழியில் டீக்கடையில் ரெண்டு வடை தின்றேன்.

மனச்சாட்சி தடுத்ததா? அப்படியானால் லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் பாரீஸில் ஏன் ஞாபகம் வரவில்லை? அருவருப்பா? அங்கேயும் நத்தைதானே. மாறினது தட்டும் தெருவும். அதற்கு நான் வைத்த பெயர் பரிசுத்தம்.

பேதுருவைப் பாருங்கள். யோப்பாவில் தரிசனம் கண்டு, கொர்நேலியு வீட்டுக்குத் தயங்காமல் போனவர். அந்தியோகியாவில் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகினார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). பேதுருவுக்குச் சாப்பாட்டில் சந்தேகமில்லை, பார்க்கிறவர்களிடம்தான் பயம். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு நானும் என்னோடு வந்த இரண்டு பேருடைய முகத்தைத்தான் பார்த்தேன்.

உடம்புக்கு ஒத்துக்காது, மனசு ஒப்பவில்லை என்றால் சொல்லிவிடலாம். வெறும் ரசம் சோறு கேட்கலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். நான் கர்த்தருடைய காரியத்தையே சாக்காக இழுத்தேன்.

போன ஐப்பசியில் அந்த வீட்டுக்குப் போய் உள்ளபடி சொன்னேன். சகோதரி சிரித்தார். "அன்னைக்கே தெரியும் பிரதர். எம்மவன் அந்த டீக்கடையிலதான் நின்னான்" என்றார்.

அன்றைக்கு நத்தை இல்லை, கருவாட்டுக் குழம்பு. தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.