கலைநுகர்ச்சி பிணிப்போ, விளக்கமோ?

உயிர்கள் அநாதியே ஆணவ இருளால் மறைப்புண்டு, அறிதலும் விழைதலும் செய்தலுமாகிய தம் ஆற்றல்கள் விளங்கப்பெறாது கிடந்தன என்பதும், அவ்விருளினின்றும் அவற்றை எடுத்தற் பொருட்டே இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தந்தருளினான் என்பதும் சைவசித்தாந்த நூல்களின் முடிபாம். இம்முடிபினை உடன்பட்டார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. கண்ணுக்கினிய வடிவும், செவிக்கினிய இசையும், கைத்திறத்தான் எழுந்த பிற அழகுகளும் போகங்களுள் அடங்குவனவே. நாடோறும் அவற்றைக் கண்டும் கேட்டும் நாம் எய்தும் மகிழ்ச்சி, உயிரைப் பிணிப்பதோ, விளக்குவதோ?

பிணிப்பதே என்பார் ஒருசாரார். ஐம்புலன்களை அடக்க வேண்டிய சாதகனுக்கு அழகின்கண் என்ன வேலை என்பது அவர் கேள்வி. விளக்குவதே, ஆயினும் அது கற்று வல்ல சிலர்க்கே உரியது, நாள்வாழ்க்கையில் உழல்வார்க்கு அஃது எட்டாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தார் கூற்றும் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

தத்துவங்கள் முப்பத்தாறனுள் வித்தியா தத்துவங்கள் ஏழு. அவ்வேழனுள் ஒன்று கலை எனப்படும். ஆணவத்தின் மறைப்பைச் சிறிதே நெகிழ்த்து, உயிரின் கிரியா சத்தியை எழுப்புவது அதன் தொழில். வித்தை என்னும் தத்துவம் ஞானசத்தியையும், அராகம் என்னும் தத்துவம் இச்சா சத்தியையும் எழுப்பும். அறுபத்துநான்கு கலை என எண்ணப்படும் கைத்திறங்களும் இத்தத்துவமும் பெயரான் ஒன்றாயினமை பற்றி இரண்டும் ஒருபொருளே எனக் கொள்ளுதல் பிழையாம். எனினும், அத்தத்துவத்தின் தொழிலை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கலையினின்று வித்தையும், வித்தையினின்று அராகமும் தோன்றும் என்பது தத்துவங்களின் தோற்றமுறை. எனவே, செய்யும் ஆற்றல் எழுதற்குரிய கருவி முன்னும், அறியும் ஆற்றலுக்குரியது அதன் பின்னும், விழையும் ஆற்றலுக்குரியது அதற்கும் பின்னும் வைக்கப்பட்டன. இம்முறையினின்று நாம் பெறும் படிப்பினை ஒன்று உண்டு. அழகினை விழைதல் மாத்திரையே உயிர்க்கு விளக்கம் ஆகாது. கையாலும் கருத்தாலும் ஒன்றனைச் செய்தலும், செய்யப்பட்டதனை உள்ளவாறு அறிதலும் அவ்விழைவுக்கு அடிநிலையாக நிற்றல் வேண்டும்.

இனி, முதற்சாரார் கூற்றை நோக்குவாம். அவர் தம் கொள்கைக்குக் கழற்சிங்க நாயனார் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவர். திருவாரூர்த் திருக்கோயிலிற் பூமண்டபத்தின் அயலே வீழ்ந்து கிடந்த மலரொன்றை எடுத்து மோந்தாள் அரசன் தேவி. அது கண்ட செருத்துணை நாயனார் அவள் மூக்கினை அரிந்தார். பின் வந்த அரசரோ, மலரை முன்னர் எடுத்தது கையன்றோ என்று அக்கையினைத் துணித்தார். இச்செயல் நம்மனோர் பின்பற்றுதற்கு உரியதன்று. தம்மை இழந்து அருள்வழி நின்றாரது வன்தொண்டாகவே சான்றோர் இதனைக் கொண்டனர். நாம் கொள்ளவேண்டியது இதன் உட்பொருளையே. மலரின் மணம் இனிது என்று அறிந்தமை அத்தேவியின் குற்றமன்று. இறைவனுக்கு ஆகவேண்டியதனைத் தனக்கு ஆக்கிக் கொண்டமையே குற்றம்.

அக்குற்றம் மலரின்கண் இல்லை, நுகர்ச்சியின்கண்ணும் இல்லை என்பதற்கு ஆனாய நாயனார் வரலாறே சான்று பகரும். அவர் திருமங்கலத்து ஆயர் தலைவர். ஆனிரை மேய்த்தற்கு ஒருநாட் சென்றவர், கார்காலத்தே பூங்கொத்துக்கள் தாழ நின்ற கொன்றை மரம் ஒன்றைக் கண்டார். கொன்றை சூடிய பெருமானாகவே அது அவர்க்குத் தோன்றிற்று. உள்ளம் உருகி, வேய்ங்குழலிலே திருவைந்தெழுத்தை இசைத்தார். ஆனிரைகள் மேய்தலை மறந்து அவரைச் சூழ்ந்தன. இறைவன் எழுந்தருளி வந்தான். அவ்வேய்ங்குழல் நூல்முறை தவறாது அரிந்து துளையிட்டு அமைக்கப்பட்டது என்பதனையும் சேக்கிழார் சுவாமிகள் விடாது கூறிப் போந்தார். தேவியும் மலரைக் கண்டாள். ஆயரும் மலரைக் கண்டார். அவள் கை மலரை நோக்கி நீண்டது. அவர் கையோ குழலை எடுத்தது. கண்ட அழகு 'எனக்கு' என்பதில் முடியுமாயின் அது பிணிப்பு. தன்னால் இயன்றதொன்றைச் செய்து கொடுத்தலில் முடியுமாயின் அதுவே விளக்கம். அன்றியும், ஆனாயர் இதனை எய்தியது தவச்சாலையில் அன்று. நாடோறும் தாம் செய்துவந்த மேய்த்தற்றொழிலின் இடையே என்பது கருதற்பாலது.

மற்றைச் சாரார்க்குத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டே விடை கூறும். 1010-ஆம் ஆண்டளவில் இராசராச சோழ வேந்தனால் நிறைவெய்திய அக்கோயிலிலே, ஆடல் மகளிர் 400 பேர் பெயரும் அவர்க்கு அளித்த பங்கும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வளவில் நில்லாது, குழலூதுவார், உடுக்கை வாசிப்பார் முதலியோரோடு குயவர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் முதலியோர்க்கு உரிய பங்கும் அதே கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. ஆடலரங்கும் குயவன் திரிகையும் ஒரே திருத்தொண்டின் இரு கூறுகள் என்பது அக்காலத்தார் கருத்தாதல் இதனாற் பெறப்படும். 1918-இல் சிவபிரான் திருக்கூத்தினைப் பற்றிய கட்டுரையை உள்ளிட்ட தம் நூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி அவர்களும், அழகு வேறு பயன் வேறு எனப் பிரித்தல் பண்டையோர் வழக்கன்று என்பதனையே தம் நூல்கள் பலவற்றானும் வற்புறுத்தினார். தில்லைத் திருநீலகண்டர் அடியார்க்கு ஓடு வனைந்து அளித்தார். நேசர் ஆடையும் கோவணமும் நெய்து வழங்கினார். திருப்புகலூர் முருகர் விடியற்காலையே எழுந்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ எனப் பகுத்துக் கொய்து, ஒவ்வொன்றற்கும் ஏற்ற வகையான் மாலை தொடுத்தார். இவையெல்லாம் வாழ்க்கைத் தொழில்களே. வீட்டு நெறியும் ஆயின.

நம் இல்லங்களில் இன்றும் எஞ்சி நிற்கும் கலைகளுள் கோலமும் ஒன்று. வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்து, புள்ளி வைத்து, ஒரு புள்ளியையும் தீண்டாது அவற்றைச் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்தே கொண்டுவந்து முடிக்கும் சிக்குக்கோலத்தை, ஏடறியா மகளிரும் பிழையின்றி இடுவர். அதன் அமைப்பினுள் ஓர் இலக்கணம் உண்டென்பதனைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோன்மணி முதலியோர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே கணித முறையான் நிறுவினர். இவ்வளவு நுட்பமுடைய அது உச்சிப்பொழுதிற்குள் காலடி பட்டு அழியும். அரிசிமாவாயின் எறும்பிற்கு உணவாகும். இட்டவள் அது குறித்து வருந்துவதிலள். மறுநாள் மீண்டும் இடுவாள். செய்வதும், செய்ததனைத் தனதென்று பற்றாது விடுதலும் ஆகிய இரண்டும் அவ்வொரு செயலிலே பயிலப்படுகின்றன.

இந்நாளிலோ அச்சிட்ட கோலத்தாள்களை வாங்கி வாயிலில் ஒட்டிவிடும் வழக்கம் பரவியுள்ளது. அவை கண்ணுக்கு இனியனவே. பன்னாள் அழியாது நிற்பனவுமாம். அங்ஙனமாயின் இழந்தது யாதோ எனின், முன்னர்க் கூறிய கிரியா சத்தியின் எழுச்சியே என்க. கோலம் எஞ்சிற்று, கோலமிடுவாள் எஞ்சவில்லை. விடியுமுன் எழுந்து தொழிலுக்கு விரையும் மகளிர்மேற் குற்றம் சுமத்துதல் எம் கருத்தன்று. அவர்க்கு ஓய்வு அளியாத வாழ்க்கைமுறையும், அவ்வேலையிற் பங்கு கொள்ளாத ஆடவர் மடியுமே கடியத்தக்கன. ஒரு நாளில் ஒரு செயலையேனும், அது பூத்தொடுத்தலாயினும், விளக்குத் துலக்குதலாயினும், தன் கையாற் செவ்விதிற் செய்தல் யாவர்க்கும் இயல்வதே. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியைத் தொண்டாக வைக்கப்பட்டமையின் கருத்தும் இதுவே போலும்.

பிறர் செய்தவற்றைப் பாராட்டுதற்கண்ணும் இவ்வறம் வேண்டப்படும். சுவாமிமலைச் சிற்பியர் தேன்மெழுகிற் குங்கிலியம் சேர்த்து உருவமைத்து, காவிரி வண்டல்மண்ணை அதன்மேற் பூசி, சூட்டினால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தே உலோகத்தை வார்ப்பர். பின்னர்க் கருவாகிய மண்ணை உடைத்தே திருவுருவை எடுத்தல் வேண்டும். ஆகலின், ஒரு கருவில் ஓர் உருவே பிறக்கும். இவ்வுழைப்பினை அறியாது வடிவை மாத்திரம் வியத்தல் பாதி வியப்பாம். அறிந்துவைத்தும் கூலியைக் குறைத்துக் கொடுத்து வியத்தல் வியப்பே ஆகாது. அழகைத் தனக்கு ஆக்கி உழைப்பைப் பிறர்க்கு ஒழித்தவன், பூமண்டபத்தின் அயலே மலரெடுத்த கையினையே உடையவன். குயவனது பானையும், நெசவாளனது துகிலும், கொல்லனது குத்துவிளக்கும் நம் கைக்கு வருங்கால், அவற்றின் பின் நிற்கும் உயிரை நினைந்து, அதற்கு உரியதனை முழுதும் அளித்தலே கலைநுகர்ச்சியின் முதற்படி என்க.

மாயையின் காரியங்களை, ஞாயிறு எழுங்காறும் இருளில் உதவும் விளக்கிற்கு ஒப்பிடுவர் நம் ஆசிரியர். விளக்கையே ஞாயிறென மயங்கி அதனடியிலேயே இருந்துவிடுவான் வழி கடவான். இருளிலே விளக்கை வெறுத்து அவித்தவனும் வழி கடவான். அதன் ஒளியிலே தன் கடனைச் செய்துகொண்டு, விடியலை நோக்கி நடப்பவனே அறிவுடையான். நாள்வாழ்க்கையில் நம்மைச் சூழ்ந்துள்ள அழகுகள் அனைத்தும் இத்தகைய விளக்குகளே. அவற்றைக் கண்டு உவந்து, செய்து, பிறர்க்கும் இறைவற்கும் அளித்து, அன்பர்கள் பயன்பெறுவாராக.