வரிக்கணக்கில் தெரியும் வர்க்கம்

சீடன்: ஐயா, புரட்சிகளுக்கு மூலம் வர்க்கப் பகைதான் என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான 1801 பாளையக்காரர் கிளர்ச்சிக்கு அது பொருந்துமா?

குரு: அந்தக் கிளர்ச்சி யாரை அழைத்தது என்று முதலில் பார். 1801 ஜூன் 16இல், சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருசேர விளித்தது. கம்பெனிச் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும் எழச் சொன்னது. அதைக் கிழிப்பவன் பஞ்சமாபாதகன் என்றும் எச்சரித்தது.

சீடன்: அப்படியானால் வர்க்கத்துக்கு அங்கே இடமில்லையே?

குரு: உண்டு. பாளையக்காரர்களின் காவல் வரியில் கம்பெனி கைவைத்தது. குடியானவனையும் வரிச்சுமை நசுக்கியது. கோபம் அங்கே மூண்டது. ஆனால் எட்டயபுரத்தாரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் அதே வர்க்கம்தான். நின்றதோ கம்பெனி பக்கம். சிவகங்கையில் அரச வம்சத்து வாரிசு என்று ஒருவரைக் கம்பெனி அமர்த்தியதும் மறவர்களில் பலர் மருதுக்களை விட்டு விலகினார்கள்.

சீடன்: ஒரே வர்க்கம் இரண்டுபட்டால் அந்த விளக்கம் தோற்றதுதானே?

குரு: முழுதாகத் தோற்கவில்லை. பிரான்சைப் பார். 1789 புரட்சி முதலாளி வர்க்கத்தின் வெற்றி என்ற கருத்தை 1964இல் ஆல்ஃபிரட் கோபன் மறுத்தார். புரட்சியின் தேசியச் சபையில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் வக்கீல்களும் அரசு அலுவலர்களும் என்று காட்டினார். சரிதான். ஆனால் கிராமங்களில் குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தியிராவிட்டால், ஆகஸ்ட் 4 இரவில் அந்தச் சபை பிரபுக்களின் உரிமைகளில் கைவைத்திருக்குமா? அணி சேரும்போது மங்கலாக இருக்கும் வர்க்கம், சண்டை ஓய்ந்தபின் எழுதும் ஏற்பாட்டில் தெளிவாகத் தெரியும்.

சீடன்: நம் பக்கத்து ஏற்பாடு எப்படி இருந்தது?

குரு: 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே நிரந்தர நிலவரிச் சட்டம் வந்தது. பணிந்த பாளையங்கள் ஜமீன்களாயின. அறிக்கையில் எல்லாரும் அழைக்கப்பட்டார்கள். ஏற்பாட்டில் குடியானவனை யாரும் கேட்கவில்லை. சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றியது 1948இல்தான்.

சீடன்: அப்படியானால் அறிக்கை, வரிக்கணக்கு இரண்டையும் நான் படிக்க வேண்டும்.

குரு: ஆம். அறிக்கையை மட்டும் படித்தால் வரி கட்டியவனை மறப்பாய். வரிக்கணக்கை மட்டும் படித்தால் உயிரைக் கொடுத்தவனை மறப்பாய். இருவருக்கும் நியாயம் செய்வதே வரலாறு எழுதுபவனின் கடமை.