காவடி இறக்கிய பிறகு

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் முன்பே விரதம் தொடங்கி, கவிச்சி தொடாமல், மது தொடாமல், சிகரெட் தொடாமல், தரையில் பாய் விரித்துப் படுத்த மனிதர், பத்துமலையில் 272 படி ஏறிக் காவடியை இறக்குகிறார். மூன்றாம் நாள் இடும்பன் பூசையோடு விரதம் முடிகிறது. அன்று சாயங்காலமே வாசலில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறார். ஏன்?

எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இதைப் பார்க்காதவர் இல்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தக் கோயில் காவடிக் குழுவிலும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். பல ஆண்டு நானும் அவர்களில் ஒருவன். ஊரில் இதற்குச் சொல்லும் பதில் ஒன்றே: மன உறுதி இல்லை. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உறுதி இல்லாதவன் 48 நாள் எப்படி இருந்தான்?

உடம்பின் கணக்கைப் பார்த்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. இழுத்த நிகோட்டினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் கொடுமை. தலை கனக்கும், தூக்கம் கெடும், பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் எரிச்சல் வரும். மூன்று நான்கு வாரத்தில் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் மண்டலம் முடியும்போது அந்த மனிதரின் உடம்பு சிகரெட்டைக் கேட்கவில்லை. அது கழுவித் துடைத்தாயிற்று. பிறகு கேட்பது யார்? கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் கண்ணனிடம் கேட்பதும் இதைத்தான்: விருப்பமில்லாதபோதும் எவரோ பலவந்தமாகத் தள்ளுவதுபோல் மனிதன் ஏன் பிழை செய்கிறான்? காமம் என்றும் குரோதம் என்றும் கண்ணன் பதில் சொல்கிறான். அந்தக் காமம் ஏன் ஒரு மண்டலம் படுத்திருந்து பிறகு எழுகிறது என்பதே என் கேள்வி.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். 2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு, நெற்றியில் விளக்கு, இடுப்பில் கொசுவர்த்தி. இருட்டில் மர நெரைக்குள் கொசு பிடுங்கும். பீடியைத் தொட்டது கொசுவை விரட்டத்தான் என்று அப்பா சொல்வார், அது பொய்யில்லை. ஆனால் அவர் ஆசையாகப் பிடித்த பீடி வேறு. மரம் வெட்டி முடித்த பிறகு மங்கில் பால் இறங்கி நிற்கும்வரை ஒரு காத்திருப்பு உண்டு. பசியாறிவிட்டு மரத்தடியில் குந்துவார்கள். அந்த நேரத்துக்குத் தண்டலும் கணக்குக் கேட்க மாட்டார், கிராணியும் கேட்க மாட்டார். துரை, கங்காணி, சங்கு, செக்ரோல் என்று நாள் முழுவதும் அடுத்தவருக்குச் சொந்தமாக இருந்த மனிதனுக்குத் தனக்கென்று வாய்த்தது ஒரு பீடி எரியும் நேரம்தான். பக்கத்து நெரைக்காரர் வந்து நெருப்புக் கேட்பார். பேச்சு தொடங்கும். மகள் கல்யாணம், கடைப் பற்று, ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் அந்தப் புகைக்குள்தான் பேசப்பட்டன.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகையைப் பகை என்று மட்டும் சொல்லி ஒருவரை விடவைக்கப் பார்ப்பவர்கள், அவருக்கு அது எத்தனை ஆண்டு துணையாக நின்றது என்பதைப் பார்ப்பதில்லை. சட்டம் தன் வேலையைச் செய்கிறது, செய்யவும் வேண்டும். 2019இல் சாப்பாட்டுக் கடைகளில் சிகரெட்டைத் தடுத்தார்கள். மாமாக் கடை மேசையில் இருந்தவர்கள் எழுந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய் நின்றார்கள். பிள்ளைகளின் மூச்சுக்கு அது நல்லது. நிற்பவரின் மனத்துக்குள் இருப்பதைச் சட்டம் தொட முடியாது.

என்னோடு செம்பனைக் குலை வெட்டிய முஸ்லிம் நண்பர்களிடமும் இதே புதிரைப் பார்த்தேன். புகைப்பது ஹராம் என்று 1995இலேயே தேசிய ஃபத்வா மன்றம் சொல்லிவிட்டது. ரமலான் மாதம் முழுக்கப் பகலெல்லாம் தண்ணீர்கூடத் தொடாமல் வெயிலில் நின்று குலை தள்ளுவார்கள். மஃரிப் பாங்கு கேட்டு, பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்தபின் அவர்களிலும் சிலர் கை பாக்கெட்டுக்குப் போகும். இறைவனுக்காக நாளெல்லாம் அடக்கிய அதே கை. பக்தி போதவில்லை என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பக்தி இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

ஒரு காரணம் எளிதாகப் புரிந்தது. நம் விரதம் பெரும்பாலும் வேண்டுதலின் விலையாக இருக்கிறது. மகனுக்கு எஸ்.பி.எம். தேர்வு, மனைவிக்கு அறுவைசிகிச்சை, நின்றுபோன வேலை. முருகனிடம் கேட்கிறோம், பதிலுக்கு 48 நாளைக் கொடுக்கிறோம். கொடுத்தது நாளைத்தான், சிகரெட்டை அல்ல. கடன் அடைந்ததும் கணக்கு மூடப்படுகிறது. ஆனால் இது முழுக் காரணமில்லை. வேண்டுதலே இல்லாமல், விட வேண்டும் என்ற ஆசையோடு மட்டும் விரதம் இருந்தவர்களும் திரும்பியிருக்கிறார்கள்.

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பு நடத்த ஓர் ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களை மாதக்கணக்கில் நிதானமாக நடத்தினார். எட்டாம் சூத்திரத்தில் ஓர் அரசகுமாரன் வருகிறான். சின்ன வயதிலேயே வேடரிடம் சிக்கி அவர்களிடையே வளர்கிறான். ஐம்புலன்கள்தான் அந்த வேடர். தான் யார் என்பது அவனுக்குத் தெரியாது. வேடரை அவன் எதிரி என்று நினைக்கவும் இல்லை. அவனுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள், சொந்தம் என்று அறிந்ததே அவர்களைத்தான். குரு வந்து அவனை அடிப்பதில்லை, ஏசுவதில்லை. நீ இன்னாருடைய பிள்ளை என்று அறிவிக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் பீடி நினைவு வந்தது. புகை அவருக்கு வேடர் வீட்டுச் சோறு. அதைப் பிடுங்கினால் போதும் என்று நினைப்பவர், அவர் பிறகு எந்த வீட்டுக்குப் போவார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் கேள்விக்கு நேரான விடை பன்னிரண்டாம் சூத்திரத்தில் இருந்தது. அது உயிரைக் கட்டிய மலம் நீங்கித் திருவடி அறிந்த ஞானியைப் பற்றியது. ஞானம் வந்த பிறகும் பழைய வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சித்தாந்தம் ஒத்துக்கொள்கிறது. பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாவில் மணம் நிற்பதுபோல. வாசனாமலம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்தது என்று கைகழுவாமல், முடிந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும் என்று முன்கூட்டியே சொன்ன அந்த நேர்மை என்னை அசைத்துவிட்டது. ஞானிக்கே அப்படியென்றால், மண்டலம் முடித்த குலைவெட்டுக்காரனுக்கு மிச்சம் இருப்பதில் என்ன அவமானம்?

அந்த வாசனையைக் கழுவ அந்தச் சூத்திரம் சொல்லும் வழி தனியாக உட்கார்ந்து பல்லைக் கடிப்பது அன்று. அடியவரோடு கூடியிரு, அவர்களின் வேடத்தையும் கோயிலையும் சிவனாகவே கண்டு தொழு. அவ்வளவுதான். முதலில் கூட்டு, பிறகு தொழுகை.

இங்கேதான் எனக்குத் திறந்தது. மண்டலத்தில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து குளித்ததும் கோயிலுக்குப் போகிறோம். உறுமி, தப்பு ஒத்திகை நடக்கிறது. பஜனை நடக்கிறது. காவடிக்குத் தகடு வெட்டுகிறோம், மயிலிறகு கட்டுகிறோம். கையில் வேலை இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது. பெரியவர் ஒருவர் தேநீர் ஊற்றித் தந்து, "தம்பி, இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறார். புகை தந்துகொண்டிருந்த நேரத்தையும் பேச்சையும் தோழமையையும் கோயில் தந்துவிடுகிறது. கை பாக்கெட்டைத் தேடுவதில்லை. இடும்பன் பூசை முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. உறுமி அடுத்த ஆண்டுவரை அலமாரிக்குள். அதே மனிதர், அதே சாயங்காலம், வாசலில் தனியாக நிற்கிறார். விரதம் முடிந்ததால் அவர் திரும்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கூட்டம் கலைந்ததால் திரும்பினார் என்பது என் துணிபு.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் இந்தக் கலைப்பு இவ்வளவு கடுமையாக இல்லை. லயத்தில் எப்போதும் பக்கத்தில் ஆள் இருந்தது. அந்த லயத்தைக் கலைத்தது செம்பனை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இங்கே, கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் போட்டார். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பால்மரங்கள் சாய்ந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. பால்மரத்துக்குத் தினமும் வெட்ட ஆள் வேண்டும். செம்பனைக்கு அத்தனை பேர் தேவையில்லை. லயங்கள் காலியாகின. சிலர் ரவாங் பக்கம் போனார்கள், சிலர் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும். அண்டை வீட்டில் யார் என்று தெரியாத இடத்தில், மாடிப்படி முனையில் நெருப்புக் கேட்டு நிற்பதுதான் மனிதரோடு பேச மிஞ்சிய ஒரே வழி என்று ஆகிவிட்டது பலருக்கு. அவரிடம் போய் "மன உறுதி" என்று சொல்வது எனக்கு இரக்கமில்லாத பேச்சாகப் படுகிறது.

இளையவன் ஒருவன் என்னை மடக்கினான். "மாமா, நம்ம முனியாண்டிக்கே சுருட்டுதானே படைக்கிறோம்? சாமி பிடிக்கலாம், நாம பிடிக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வத்துக்குச் சுருட்டு வைப்பது நம் பாட்டன்மார் காலத்து வழக்கம். அதை நாகரிகக் குறைவு என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. தங்களிடம் இருந்ததில் தங்களுக்கு எது ஆசையோ அதை அவர்கள் வைத்தார்கள். படையல் என்றால் கையை விட்டுப் போனது. சாமி முன்னே எரிந்து சாம்பலாகும் சுருட்டை யாரும் பாதியில் திரும்ப எடுப்பதில்லை. அவனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "உன் பாக்கெட்டில் இருப்பதையும் அங்கேயே வைத்துவிட்டு வா. நாளைக்கு மறுபடி ஆசை வந்தால் மறுபடி வை. அதற்குத்தான் அவர் அங்கே நிற்கிறார்." அவன் வைத்தானா என்று நான் கேட்கவில்லை.

மருந்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அரசாங்க கிளினிக்குகளில் புகை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறது. நான் போனபோது அங்கிருந்த தமிழ்ப் பிள்ளை முதலில் கேட்டது, "அங்கிள், எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை அந்தப் பதில் காட்டிவிடும். பேட்ச் ஒட்டினாலும் நிகோட்டின் கம் மென்றாலும் முதல் வாரங்களின் வேதனை நன்றாகக் குறைகிறது. சாமி இருக்கும்போது மருந்து எதற்கு என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பின் பங்கை மருந்து எடுத்துக்கொள்ளட்டும். வாசனையின் பங்குக்குத்தான் கோயில் பொறுப்பேற்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மண்டலக் கூட்டத்தை இடும்பன் பூசையோடு கலைக்காதீர்கள். திருவிழாவுக்குப் பந்தல் போடவும் ஒலிபெருக்கி வாடகைக்கும் செலவழிப்பதில் சிறு பங்கு போதும். வாரம் ஒரு மாலை, ஒரு பாய், ஒரு கெட்டில் தேநீர். நாங்கள் எங்கள் கோயிலில் அப்படித் தொடங்கிவிட்டோம். சில வாரம் பந்தி நிறைய ஆள் வருகிறார்கள், சில வாரம் மூன்று பேர். எனக்கு இப்போதும் மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் வாசனை எழுகிறது. எழுந்தால் கூட்டத்தில் சொல்கிறேன். சொன்னதும் அடுத்தவர் தன்னுடையதைச் சொல்கிறார். உறுமியை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு, பூசை முடிந்ததும். விட்டவர் வரலாம், விட நினைப்பவர் வரலாம், வரும் வழியில் ஒன்று பிடித்துவிட்டு வருபவரும் வரலாம்.