இருவர் இருவரே!

பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாள். தந்தையார் ஒருவர் நம் மேசைமுன் நின்றார். இருபுறமும் இரு பெண்கள். ஒரே நாளில் பிறந்த இரட்டையர். "இரண்டு பேரையும் ஒரே குரூப்பில் போடுங்கள், சார். பெரியவளுக்கு உயிரியல் பிடிக்கும்" என்றார். எழுதினோம். இளையவளை நாம் கேட்கவே இல்லை!

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. வணிகவியல் படிக்க விரும்பிய அந்தச் சிறுமி, உயிரியல் விடைத்தாளை ஏந்தி வந்து நின்றாள். "அக்காளுக்குப் பிடித்தது எனக்கும் பிடிக்குமென்று யார் சொன்னது, ஐயா?" என்றாள்.

தோழர்களே! அக்கேள்வி நம்மைச் சுட்டது. பிறப்பு எவருடைய தொழிலையும் தீர்மானிக்காது என மேடைதோறும் முழங்குகிறோம். பிறந்த நாள் ஒன்று என்பதால் படிப்பும் ஒன்றே எனத் தீர்ப்பெழுதிய நாம், குலத்தொழிலைப் போற்றியோரினும் எவ்வகையில் உயர்ந்தோம்? சாதகம் கணிப்போன் கோளைப் பார்த்தான்; நாம் முகச்சாயலைப் பார்த்தோம். வேறுபாடு அவ்வளவே!

சான்று வேண்டுமா? ஆற்காட்டு இரட்டையரைப் பாருங்கள். 1887 அக்டோபர் 14இல் கர்நூலில் பிறந்தவர்கள். இராமசாமி முதலியார் சட்டம் பயின்றார். நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராகத் திகழ்ந்தார். 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். இலட்சுமணசாமி முதலியாரோ மருத்துவம் பயின்றார். மகப்பேற்று மருத்துவ வல்லுநரானார். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். பிறந்த நாள் ஒன்று; வளர்ந்த இல்லம் ஒன்று; வாழ்வோ இரண்டு!

இன்னொன்றும் கேளுங்கள். 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர் இதே இலட்சுமணசாமியார்தாம். மாணவரின் விருப்பத்துக்கும் ஆற்றலுக்கும் ஏற்பப் பலவகைப் பாடப்பிரிவுகள் வேண்டும், தேர்ந்தெடுக்க வழிகாட்டுதலும் வேண்டும் என அக்குழு 1953இல் பரிந்துரைத்தது.

"அப்படியாயின் இரட்டையரைப் பிரித்தே தீரவேண்டுமா?" என்பர் சிலர். அன்று! பிரித்தே தீருவேன் என்பதும் ஒருவகை ஆணவமே. இருவரும் ஒரே கலையை விரும்பினால், தாராளமாகப் பயிலட்டும். ஒரே அளவில் இரு சட்டை தைப்பதன்று சமத்துவம்; அவரவர் அளவைக் கேட்டுத் தைப்பதே சமத்துவம்.

இரட்டையர் ஆணும் பெண்ணுமாயின் அநீதி இன்னும் வெளிப்படை. இருவரும் ஒரே மதிப்பெண் பெற்றிருப்பர். கையில் காசு குறைந்தால், மகனுக்கு வெளியூர்ப் பொறியியற் கல்லூரி. மகளுக்கு வீட்டருகே கிடைத்த ஏதோ ஒரு படிப்பு! சில நிமிட இடைவெளியில் பிறந்தோரிடையேயும் பாகுபாடா? அங்கே மட்டும், "இருவரும் ஒன்றே" என்ற பேச்சு எங்கே ஓடி ஒளிந்தது?

நம் மாணவிக்கு ஆண்டின் நடுவே பிரிவு மாற்ற இயலவில்லை. அவள் இழந்த ஈராண்டை நாம் எப்படித் திருப்பித் தருவோம்? இயலாது. தவற்றை மீண்டும் செய்யாதிருக்க மட்டுமே இயலும்.

அடுத்த ஆண்டும் இரட்டையர் வந்தனர். ஒருவனை வெளியே அமரச் செய்து, மற்றவனிடம் கேட்டோம்: "தம்பி, உனக்கு என்ன பிடிக்கும்?" அவன் திகைத்தான், பழக்கத்தால் கதவைத் திரும்பிப் பார்த்தான். காத்திருந்தோம். பின்னர் அவனே பேசத் தொடங்கினான்.

தோழர்களே, உங்கள் இல்லத்திலும் தெருவிலும் இத்தகைய பிள்ளைகள் இருப்பர். தனித்தனியே அழையுங்கள்; தனித்தனியே கேளுங்கள்; விடை வரும்வரை காத்திருங்கள். பகுத்தறிவு அங்கேதான் தொடங்குகிறது.