எங்கே நிறுத்துவது?

பங்கு வாங்குகிற எவருக்கும் ஒரு விலை மனப்பாடமாக இருக்கும்: லாபத்தோடு விற்க நினைக்கும் விலை. தன் கணிப்பு தவறிவிட்டது என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடும் சந்தையில், அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் இன்ட்ராடே வர்த்தகத்தில், இந்த இரண்டாவது விலைதான் முக்கியமானது. 500 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு 490 ரூபாயில் ஸ்டாப் லாஸ் போட்டால், விலை அங்கே இறங்கியதும் விற்பனை ஆர்டர் தானாகவே சந்தைக்குள் போய்விடும். சந்தை எங்கே போகும் என்பதை ஸ்டாப் லாஸ் சொல்லாது. அதன் மதிப்பு வேறு: தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை, கலங்கியிருக்கும் நேரத்தில் நாமே கலைத்துவிடாமல் அது காக்கிறது.

இந்தக் காவல் தேவைதானா என்று கேட்பவர்கள், மனிதர்கள் நஷ்டத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நஷ்டத்தில் நிற்பவர் அதை உறுதிசெய்வதைவிட, இன்னும் பெரிய ஆபத்தை ஏற்கவே துணிவார் என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். டெரன்ஸ் ஓடீன் 10,000 அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பங்குச்சந்தையிலேயே காட்டியது. முதலீட்டாளர்கள் லாபத்தில் இருந்த பங்குகளைச் சீக்கிரம் விற்றார்கள், நஷ்டத்தில் இருந்தவற்றை வைத்துக்கொண்டார்கள். விற்றவை அடுத்த ஓராண்டில், வைத்துக்கொண்டவற்றைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதல் வருவாய் தந்தன. நம் ஊரிலும் இதையே பார்க்கிறோம். விலை இறங்கினால் இன்னும் வாங்கி 'ஆவரேஜ்' செய்கிறோம். மாலைக்குள் மீளாவிட்டால் டெலிவரியாக மாற்றி, நீண்டகால முதலீடு என்று பெயர் வைக்கிறோம். பங்கு அதேதான், அதை வைத்திருப்பதற்கான காரணத்தை மட்டும் மாற்றிவிட்டோம். விலையை மனதில் குறித்துக்கொண்டால் போதாதா என்ற கேள்விக்கும் இதுவே பதில். அந்த விலை வரும்போது, குறித்துவைத்த மனமே சாக்குகளையும் தேடத் தொடங்கியிருக்கும்.

'ஸ்டாப் லாஸை அடித்துவிட்டு விலை மேலே போய்விடுகிறது' என்பது எல்லோரும் சொல்லும் குறை. அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பிழை, நிறுத்தத்தை வைத்த இடத்தில் இருக்கிறது. அந்தப் பங்கு சாதாரணமாகவே ஒரு நாளில் 15 ரூபாய் ஏறி இறங்குமானால், வாங்கிய விலைக்கு 10 ரூபாய் கீழே ஸ்டாப் லாஸ் போடுவது வீண். தள்ளி வைக்கலாம்; அப்போது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு வர்த்தகத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று தீர்மானித்தவர், அந்த 500 ரூபாய்ப் பங்குக்கு 490இல் நிறுத்தம் வைத்தால் 100 பங்கு வாங்கலாம். 480இல் வைத்தால் 50 பங்குதான். எவ்வளவு வாங்குவது என்பதை ஆசையிடமிருந்து பிடுங்கி, தாங்கக்கூடிய இழப்பிடம் ஒப்படைப்பதே ஸ்டாப் லாஸ் செய்யும் பெரிய நன்மை.

இன்னொரு மறுப்பு கனமானது: குறித்த விலையிலேயே விற்கும் என்று உறுதியில்லை. மார்க்கெட் ஆர்டராக மாறும் ஸ்டாப் லாஸ், கிடைத்த விலைக்கு விற்றுவிடும். இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்தால், விலை அதைத் தாண்டிச் சரியும்போது விற்காமலே நிற்கலாம். ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலையான லோயர் சர்க்யூட்டில் பூட்டிய பங்கை வாங்க ஆளே இருக்காது. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆர்டர்களால் நிஃப்டி குறியீடு நொடிகளில் சுமார் 15 சதவீதம் சரிந்து, வர்த்தகம் நின்றது. இத்தகைய ஆபத்தைச் சிறு முதலீட்டாளர்கள் முழுதாக உணரவில்லை என்று கருதி நியூயார்க் பங்குச்சந்தை 2016இல் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்தியது. ஆகவே அதை முழுக் காப்பீடாக நம்பக் கூடாது. கடன் வாங்கி, கைமீறிய அளவில் வர்த்தகம் செய்பவரை எந்த ஆர்டராலும் காப்பாற்ற முடியாது.

எல்லாவற்றையும்விடக் கசப்பான உண்மை, ஸ்டாப் லாஸ் லாபத்தை உண்டாக்குவதில்லை என்பது. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு 2024இல் சொன்னது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அந்த விகிதம் 80 சதவீதம். சிறு நஷ்டங்களும் தரகும் வரியும் சேர்ந்து முதலை அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு பங்குக்கும் நிறுத்தம் வைப்பவர், இந்தப் பழக்கத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும்: மொத்தம் இவ்வளவு பணம் போனால் இன்ட்ராடேயை விட்டுவிடுவேன் என்று, தொடங்கும் முன்பே, வீட்டில் ஒருவருக்குத் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும். தொழிலோ கடனோ வேறு எந்த முயற்சியோ, எங்கே நிறுத்துவது என்பதை முதல் ரூபாயைப் போடும் முன்பு முடிவுசெய்வதுதான் நியாயம். அந்தத் தொகையை எழுத மனம் வராதவர் தின வர்த்தகத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.