இலகுவான கருவியும் ஓக்கமின் கத்தியும்

டெஸ்க்டாப் செயலிக்குள் ஓடும் சிறிய வலைச் சேவைக்குக் கருவி தேர்வது நிரலாளரின் அன்றாட வேலை. 'இதில் இலகுவானது எது?' என்று கேட்டதும் அது பழைய தத்துவ வழக்கு ஒன்றில் போய் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டுத் துறவி ஓக்கமின் வில்லியம் பெயரால் வழங்கும் 'ஓக்கமின் கத்தி' என்ற விதி, தேவையின்றி எதையும் பெருக்காதே என்கிறது. (இன்று சொல்லப்படும் வடிவில் அவ்வாசகம் அவர் நூல்களில் இல்லை.) விதியை மறுப்பார் இல்லை. எது தேவை, யாருக்குத் தேவை என்பதில்தான் வழக்கு.

1986இல் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி மென்பொருளின் சிக்கலை இரண்டாகப் பிரித்தார்: பிரச்சினையின் இயல்பிலேயே இருப்பது, கருவியால் வந்து சேர்வது. இலகுவான கருவி குறைப்பது இரண்டாவதை மட்டும். முதலாவது வேறொருவர் தலையில் ஏறும்.

பைத்தான் மொழியில் வலைச் சேவை எழுத உதவும் பாட்டில் (Bottle) ஒரே கோப்பு. பைத்தானோடு வரும் நூலகம் போதும், வேறொன்றும் வேண்டாம். பயனர் சரிபார்ப்பையும் தரவுத்தளத்தையும் நிரலாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். திரைக்கான கருவிகளிலும் இதே கதைதான்: எலக்ட்ரான் ஒவ்வொரு செயலியோடும் குரோமியம் உலாவியையே கட்டி அனுப்புகிறது. டாரி (Tauri), கணினியில் ஏற்கெனவே உள்ள வெப்வியூவை (வலைப்பக்கம் காட்டும் கூறை) எடுத்துக்கொள்வதால் நிறுவல் கோப்பு சிறுத்துவிடும். ஆனால் விண்டோஸில் குரோமியம் வழி வந்த வெப்வியூ2, மேக்கில் வெப்கிட். ஒரே திரையை இரண்டிலும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். மெகாபைட்டில் மிச்சம் பிடித்தது ஆள் உழைப்பில் போகிறது.

சுமை பயனர் மேல் விழுந்ததும் உண்டு. வீடியோ அழைப்புச் சேவையான ஜூமின் மேக் செயலி கணினிக்குள் ஒரு குட்டி வலை சர்வரை ஓடவிட்டிருந்தது 2019 ஜூலையில் வெளியே தெரிந்தது. சஃபாரி உலாவி கேட்ட கூடுதல் கிளிக் ஒன்றைத் தவிர்ப்பதற்காக வந்த ஏற்பாடு அது. செயலியை நீக்கினாலும் சர்வர் நீங்கவில்லை. உலாவியில் திறந்த எந்தத் தளமும் அதோடு பேச முடிந்தது. கடைசியில் ஆப்பிளே ஓசையில்லாமல் ஓர் அப்டேட் அனுப்பி அதை அகற்றியது. குட்டி சர்வர்தான், அதை இலகு என்பது கடினம்.

இப்படிக் கணினிக்குள் ஓடும் சேவை 127.0.0.1இல் (அதே கணினியின் உள்முகவரியில்) மட்டும் கேட்பது, வரும் கோரிக்கையில் ஹோஸ்ட், ஆரிஜின் தலைப்புகளைச் சரிபார்ப்பது, ரகசிய டோக்கன் கேட்பது, செயலி மூடியதும் தானும் மூடுவது: இவை எந்தக் கருவியை எடுத்தாலும் எழுதியே ஆக வேண்டியவை. திரையும் தர்க்கமும் ஒரே நிரலுக்குள் இருக்கும் செயலியில் இத்தனையும் வேண்டாம். நேரடிச் செயற்கூறு அழைப்பே போதும். அங்கே ஓக்கமின் கத்தி கருவிகளுக்கு முன் அந்தச் சேவையையே வெட்டிவிடும்.