பாதி போத்தல்

பாசிர் பெனம்பாங் வீட்டு அலமாரியில் தாத்தா விட்டுப்போன பாதி போத்தல் பிராந்தி பல வருசமாக இருக்கிறது. "கெட்டிருக்குமா?" என்றான் தம்பி.

கெடாது. 40 விழுக்காடு ஆல்கஹாலில் கிருமி வளராது. திறக்காத போத்தல் பல்லாண்டு அப்படியே இருக்கும். திறந்தால் காற்றுப்பட்டு மணமும் ருசியும் மெல்ல மங்கும், அவ்வளவுதான். கள்ளோ மறுநாளே புளித்துவிடும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். ஒரு நாள் தாங்காத சரக்கு அத்தனை குடும்பங்களைக் கெடுத்திருந்தது.

"அவரு குடியை நிறுத்தின அன்னிக்கு மிஞ்சினதுடா, கொட்டாதே" என்றார் பாட்டி.

திறக்காத போத்தல் யாருடைய மன உறுதிக்கும் சாட்சியில்லை. ருசி தெரிந்த பிறகும் பாதியில் மூடி வைக்கிறோமே, கட்டுப்பாடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.